ஆறாயிரம் தோட்டாக்கள்: ஒரு ராணுவம் கைத்துப்பாக்கி தேர்ந்தெடுத்த கதை



ராணுவத்தில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுப்பில் ஊருக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். "சார், எந்தக் கைத்துப்பாக்கி வாங்கணும்னு ஒரு ராணுவம் எப்படி முடிவு பண்ணுது? எங்களுக்குக் கொடுக்கிறதை நாங்க வாங்கிக்கிறோம், அவ்வளவுதான்."

இதற்கு நல்ல பதில் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கட்டுக்கதையும் வளர்ந்திருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல். 'காலிபர்' என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். குண்டின் பருமன் என்று வைத்துக்கொள்ளலாம். .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. .38 அதைவிடச் சிறியது.

1873 முதல் அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது கோல்ட் நிறுவனத்தின் .45 ரிவால்வர். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துத்தான் சுட வேண்டும். 1892இல் அதைக் கைவிட்டு, விசையை இழுத்தாலே சுடக்கூடிய புதிய .38 ரிவால்வருக்கு மாறினார்கள். கைக்கு லேசு, உதைப்பு குறைவு, வேகமாகச் சுடலாம். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

1898இல் ஸ்பெயினோடு போர் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கை. 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா ஸ்பெயினிடமிருந்து பெற்றுக்கொண்டது. அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1899இல் பிலிப்பினோக்கள் அமெரிக்காவை எதிர்த்துப் போரிடத் தொடங்கினார்கள். தெற்கே மிண்டனாவோ, சூலு தீவுகளில் இருந்த முஸ்லிம் மக்களான மோரோக்களின் எதிர்ப்பு 1913 வரை நீடித்தது.

அடர்ந்த காடு. திடீரென்று பத்தடி தூரத்தில் கத்தியோடு ஒருவர் பாய்ந்து வருவார். ரைபிளைத் தோளுக்கு ஏற்ற நேரம் இருக்காது. அப்போது .38 கைகொடுக்கவில்லை என்று அதிகாரிகளிடமிருந்து புகார்கள் வந்தன. குண்டு பட்டும் ஆள் நிற்கவில்லை என்பதே புகார். ஒரு சம்பவம் ராணுவ மருத்துவ நூலிலேயே பதிவாகியிருக்கிறது. 1905 அக்டோபரில் சாமர் தீவில் அந்தோனியோ காஸ்பி என்ற கைதி தப்ப முயன்றார். மிக அருகிலிருந்து நான்கு முறை .38ஆல் சுடப்பட்டும் அவர் போராடிக்கொண்டே இருந்தார். கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் அவரை மடக்கினார்கள்.

கிடங்கில் கிடந்த பழைய .45 ரிவால்வர்களை எடுத்து, குழலை வெட்டிக் குட்டையாக்கி, அவசரத்துக்கு அனுப்பினார்கள். நிரந்தரத் தீர்வு காண 1904இல் இருவரை நியமித்தார்கள். ஒருவர் ஆயுதத் துறையைச் சேர்ந்த ஜான் டி. தாம்சன். பிற்காலத்தில் 'டாமி கன்' என்று பெயர் பெற்ற இயந்திரத் துப்பாக்கிக்கு மூலவர் இவர்தான். இன்னொருவர் ராணுவ மருத்துவர் லூயிஸ் லகார்ட்.

அவர்கள் சிகாகோ கால்நடைக் கொட்டிலுக்குப் போய் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். மனிதச் சடலங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு ஆடுகின்றன, எலும்பு எப்படி உடைகிறது என்று குறித்தார்கள். படிக்கவே மனம் கூசும் சோதனை. அறிவியல் ஆசிரியர்கள் இதில் இன்னொரு குறையையும் காண்பார்கள். மாதிரிகள் மிகக் குறைவு. முதல் நாள் மாடுகளைச் சுட்ட முறை வேறு, மறுநாள் முறை வேறு. சடலம் ஆடும் அளவை வைத்து உயிருள்ள மனிதர் எப்படி விழுவார் என்று சொல்லவும் முடியாது.

அவர்களுடைய அறிக்கையில் இரண்டு முடிவுகள் முக்கியம். ஒன்று, ராணுவக் கைத்துப்பாக்கியின் காலிபர் .45க்குக் குறையக்கூடாது. இரண்டு, உடலின் பெரும்பகுதியில் எந்தக் குண்டு பட்டாலும் எதிரி உடனே விழுவார் என்ற நம்பிக்கை வேண்டாம். ஆகவே வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை இடைவிடாமல் கொடுக்க வேண்டும். முதல் முடிவு உலகப் புகழ் பெற்றது. இரண்டாவதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. பருமனைப் பற்றிப் பேசுவது எளிது, பயிற்சிக்குத்தான் பணமும் நேரமும் வேண்டும்.

அடுத்து, .45 குண்டைச் சுடக்கூடிய, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் தேவைப்பட்டது. 1907இல் போட்டி நடந்தது. ஜெர்மனியின் லூகர் வந்தது. அமெரிக்காவின் சாவேஜ் வந்தது. கோல்ட் நிறுவனத்துக்காக ஜான் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டலும் வந்தது. பிரவுனிங் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரில் ஒரு துப்பாக்கிக் கொல்லரின் மகன். அப்பாவின் பட்டறையிலேயே தொழில் பழகியவர். லூகர் விலகிக்கொண்டது. மற்ற இரண்டையும் ராணுவம் மூன்று நான்கு ஆண்டுகள் திருத்தித் திருத்திக் கேட்டது.

குதிரைப்படையினர் சொன்னதையும் கேட்டார்கள். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் சுடத் தயாரான பிஸ்டல். குதிரை மிரண்டால் என்ன செய்வது? அதற்காகக் கட்டைவிரலால் பூட்டக்கூடிய பாதுகாப்புப் பூட்டைச் சேர்த்தார்கள். கைப்பிடியை இறுகப் பிடித்தால்தான் விசை இயங்கும் என்ற இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பயன்படுத்துபவனிடம் கேட்டு ஒரு கருவியைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. ஒவ்வொரு பிஸ்டலிலும் 6000 தோட்டாக்கள். நூறு சுட்டதும் சற்று ஆறவிடுவார்கள். ஆயிரம் சுட்டதும் சுத்தம் செய்து எண்ணெய் போடுவார்கள். பிறகு கோணலான தோட்டாக்களைப் போட்டுச் சுட்டார்கள். மணலிலும் சேற்றிலும் போட்டு எடுத்தார்கள். அமிலத்தில் நனைத்துத் துருப்பிடிக்க விட்டும் சுட்டார்கள். 6000 சுற்றில் சாவேஜ் 37 முறை தடுமாறியது. பிரவுனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மார்ச் 29 அன்று அது ஏற்கப்பட்டது. அதனால்தான் அதன் பெயர் எம் 1911. அதன் குண்டு சுமார் 15 கிராம். பழைய .38இன் குண்டு சுமார் 10 கிராம்தான்.

இப்போது கட்டுக்கதைக்கு வருகிறேன். "மோரோக்களை வீழ்த்த அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததுதான் 1911" என்று சினிமாவிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்வார்கள். ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். .45க்குத் திரும்பும் எண்ணத்தை விதைத்தது பிலிப்பைன்ஸ் அனுபவம்தான். ஆனால் இந்த பிஸ்டல் வந்தபோது அந்தப் போர் ஏறக்குறைய முடியும் தறுவாயில் இருந்தது. வகுப்பில் நான் ஓயாமல் சொன்னதுதான்: காலக்கோடு போடாமல் காரணம் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் டாஜோ எரிமலை வாயில் தஞ்சம் புகுந்திருந்த மோரோக்களை அமெரிக்கப் படை தாக்கியது. பெண்கள், குழந்தைகள் உட்பட 800 முதல் 1000 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றவை பீரங்கி, இயந்திரத் துப்பாக்கி, ரைபிள். "குண்டு பட்டும் விழாத மோரோ" என்ற கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது, விழுந்தவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள். சொந்த மண்ணைக் காக்க வந்தவர் ஆயுதக் கிடங்கின் குறிப்பேட்டில் ஒரு 'காலிபர் பிரச்சினை'யாக மாறிவிடுகிறார்.

சரி, .45தான் இறுதி உண்மையா? பிரிட்டிஷ் ராணுவத்தைப் பாருங்கள். அவர்களிடம் 1887 முதல் பெரிய .455 வெப்ளி ரிவால்வர் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அவர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். பெரிய துப்பாக்கியைக் குறிதவறாமல் சுடப் பழக்குவது கடினம், சிறியதை எளிதில் பழக்கலாம் என்று 1930களில் .38க்கு இறங்கினார்கள். தாம்சனும் லகார்ட்டும் எழுதிய இரண்டாவது முடிவிலிருந்து அவர்கள் தொடங்கியதுபோல் இருக்கிறது!

அமெரிக்காவும் 74 ஆண்டுகள் கழித்து, 1985இல், 1911ஐ ஓய்வுக்கு அனுப்பியது. இத்தாலியின் பெரெட்டா வந்தது. காலிபர் 9 மி.மீ. நேட்டோ நாடுகள் எல்லாம் ஒரே தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஒரு காரணம். பழையதில் 7 தோட்டா, புதியதில் 15. உதைப்பும் குறைவு. அந்தப் போட்டியில் பெரெட்டாவும் சிக் சாவரும் தேறின, விலைதான் தீர்மானித்தது. சில ஆண்டுகளிலேயே பெரெட்டாவின் மேல்பகுதி உடைந்து சிலர் காயமடைய, வடிவத்தைத் திருத்த வேண்டி வந்தது. 2017இல் சிக் சாவருக்கு மாறியபோதும் காலிபர் 9 மி.மீ.தான்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட 9 மி.மீ. பிஸ்டல், பிரவுனிங் தொடங்கி வைத்த 'ஹை பவர்' வடிவத்தின் வழிவந்தது. பிரவுனிங் 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொழிற்சாலையிலேயே இறந்தார். அதை 1935இல் முடித்துக் கொடுத்தவர் அவரோடு பணியாற்றிய பெல்ஜியர் தியுதொனே சாயிவ்.

ஆக, அந்த மாணவருக்கு என் பதில் இது. முதலில், சேற்றிலும் மணலிலும் ஒவ்வொரு முறையும் சுடுமா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சாதாரண வீரன் அதைக் குறிதவறாமல் சுடப் பழக முடியுமா என்று பார்க்க வேண்டும். குண்டின் பருமன் மூன்றாவதாக வரட்டும். 6000 தோட்டாச் சோதனை முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடியது. சிகாகோ சோதனை மூன்றாவது கேள்விக்கு அரைகுறைப் பதில் சொல்லிப் புகழ் பெற்றது. எதைச் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்காமல் எந்த அறிக்கையையும் நம்பாதீர்கள். துப்பாக்கிக்கு மட்டும் சொல்லவில்லை.

ராணுவத்திலும் காவல்துறையிலும் இருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் பயிற்சி அனுபவத்தை, சொல்லக்கூடிய அளவுக்கு, கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும். அடுத்த வாரம் சந்திப்போம். எல்லோரும் நலமாக இருங்கள்.