ஒன்றுக்கு இடப்பக்கம்

எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் 2³ வரும்வரை எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். இரண்டை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் எட்டு. ஆசிரியர் அந்த மூன்றுக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டு 2⁻³ என்று எழுதியதும் தூக்கிய கைகள் குறைந்துவிடும். ஒருவர் −6 என்பார், இன்னொருவர் −8 என்பார். "மைனஸ் மூன்று தடவை எப்படி சார் பெருக்குறது?" என்று கேட்கும் பிள்ளைதான் விஷயத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் பலர். சொன்ன பதில் தொலைந்துபோய், வேறு ஊரில் வேறொருவர் முதலிலிருந்து தொடங்கியதுதான் இந்த அடுக்குக்குறியின் வரலாறு.

பாபிலோனியாவின் எழுத்தர்கள் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் வர்க்கங்களையும் கனங்களையும் வரிசையாகப் பதித்து வைத்தார்கள். தலைகீழிகளுக்கும் அவர்களிடம் அட்டவணை இருந்தது. எட்டால் வகுக்க வேண்டுமென்றால் எட்டின் தலைகீழியான 1/8ஐப் பார்த்து அதனால் பெருக்கிவிடுவார்கள். வகுத்தல் என்பதே தலைகீழியால் பெருக்குவதுதான் என்ற இந்தப் பழக்கத்தில், 2⁻³ என்பதன் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. இரண்டு அட்டவணைகளும் ஒரே வரிசையாகச் சேரத்தான் காலம் பிடித்தது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடிஸ், அரசன் கெலோனுக்காக ஒரு விசித்திரக் கணக்குப் போட்டார்: பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல் துகள் வேண்டும்? இன்றைய எழுத்தில் சொன்னால், 10⁶³க்கு மேல் போகாது என்று முடித்தார். அவ்வளவு பெரிய எண்ணைக் கையாள, ஒன்றிலிருந்து தொடங்கி மடங்கு மடங்காக ஏறும் வரிசையில் இரண்டு எண்களைப் பெருக்கினால் விடை எந்த இடத்தில் விழும் என்றும் சொல்லிவைத்தார். பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டு என்று நாம் மனப்பாடம் செய்கிற விதி, மணல் எண்ணப்போன இடத்தில் கிடைத்தது.

மணலுக்கு ஏறுமுகம் மட்டும் போதும். இறங்குமுகத்துக்கும் பெயர் வைத்தவர் அலெக்சாண்டிரியாவின் டயோஃபாண்டஸ். தெரியாத எண்ணின் ஆறாம் அடுக்குவரை சுருக்கக்குறி கொடுத்தார். ஒவ்வொன்றின் தலைகீழிக்கும் தனிப் பெயர் கொடுத்து, அவற்றைப் பெருக்கும் முறையையும் எழுதினார்.

இந்தியாவில் இதே எண்ணம் செய்யுள் வழியாக வந்தது. குறிலும் நெடிலும் கலந்த பத்து அசைகளில் எத்தனை விதமாகச் சந்தம் அமைக்கலாம்? 2¹⁰ விதமாக. பிங்கலர் தமது சந்த சாஸ்திரத்தில் இதைப் பத்து முறை பெருக்காமல் கண்டுபிடிக்க வழி சொன்னார்: அடுக்கு இரட்டைப்படையானால் பாதியாக்கிப் பின்பு வர்க்கப்படுத்து, ஒற்றைப்படையானால் ஒன்று கழித்துப் பின்பு இரட்டிப்பாக்கு. இணையத்தில் செய்திகளைப் பூட்டும் மறைகுறியாக்கக் கணக்குகளில் பிரம்மாண்டமான அடுக்குகளைக் கணினிகள் இன்றும் இதே உத்தியால்தான் போடுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமண அறிஞர் வீரசேனர் எதிர்த்திசையில் நடந்தார். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்று எண்ணி அதை 'அர்த்தச்சேதம்' என்று குறிப்பிட்டார்.

நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். முந்திரி என்பது 1/320. எந்த அளவுக்கு முன்னாலும் 'கீழ்' என்று சேர்த்தால் அது 320இல் ஒரு பங்காகச் சுருங்கும். கீழரை 1/640, கீழ்க்கால் 1/1280, கீழ்முந்திரி 1/1,02,400. கடைசியில் சொன்னது 320⁻² அல்லாமல் வேறென்ன? நெல்லையும் நிலத்தையும் அளந்த கணக்கர்கள், அடுக்குக்குறி எழுதாமலே ஒன்றுக்கு இடப்பக்கத்தில், பின்னங்களின் பக்கம், இறங்கிக் கொண்டிருந்தார்கள்.

இடமும் வலமும் ஒரே கோட்டில் சேர்ந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில், பாக்தாத்தில் பிறந்த அல்-சமவ்வலின் கையில். பின்னாளில் மருத்துவராக வாழ்ந்த அவர் பத்தொன்பது வயதில் ஓர் இயற்கணித நூல் எழுதினார். அதில் ஓர் அட்டவணை வரைந்தார்: நடுவில் ஒன்று, அதன் தலைமேல் பூச்சியம், ஒரு பக்கம் அடுக்குகள், மறுபக்கம் அவற்றின் தலைகீழிகள். இரண்டை எடுத்துக்கொண்டால் ஒரு பக்கம் 2, 4, 8. மறுபக்கம் 1/2, 1/4, 1/8. பெருக்க வேண்டுமா? ஓர் எண் ஒன்றிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று பார்த்து, மற்ற எண்ணிலிருந்து அதே திசையில் அத்தனை கட்டம் நகர். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் ஐரோப்பா இதை அவரிடமிருந்து கற்கவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்துத் தானே புதிதாகச் செய்துகொண்டது.

அந்த வேலை நடந்த இடம் பிரான்சின் சந்தை நகரமான லியோன். அங்கே எழுத்தராகவும் கணக்கு ஆசிரியராகவும் வாழ்ந்த நிக்கொலா ஷுக்கே 1484இல் ஒரு கையெழுத்து நூலை முடித்தார். அடுக்கைச் சின்ன எண்ணாக மேலே தூக்கி எழுதினார், பூச்சியத்தையும் எழுதினார், குறை (மைனஸ்) அடுக்குக்கு அந்தச் சின்ன எண்ணின் பக்கத்தில் 'எம்' என்ற எழுத்தை வைத்தார். தெரியாத எண்ணின் கனம் எட்டு மடங்கு, அந்த எண்ணின் தலைகீழி ஏழு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் வர்க்கம் ஐம்பத்தாறு மடங்கு என்று கணக்கும் போட்டுக் காட்டினார். மூன்றுடன் குறை ஒன்றைக் கூட்டினால் இரண்டு! இன்றைய மாணவர் செய்வதும் இதுவேதான்.

அந்த நூல் அச்சேறவில்லை. கையெழுத்துப் படி அதே ஊரின் எஸ்தியென் தெ லா ரோஷ் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. 1520இல் அவர் வெளியிட்ட எண்கணித நூலில் பல பகுதிகள் ஷுக்கேயிடமிருந்து அப்படியே எடுத்தவை. 1880இல் அரிஸ்தித் மார் என்பவர் மூலத்தை அச்சிட்டபோதுதான் இந்தக் களவு வெளியே வந்தது. நானூறு ஆண்டுகள் ஒரு மனிதரின் சிந்தனை பெட்டிக்குள் கிடந்தது என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

அடுத்தவர் ஜெர்மனியின் மிக்கேல் ஸ்டீஃபல். துறவியாக இருந்து மதச் சீர்திருத்தவாதி லூத்தரின் பக்கம் வந்த பாதிரியார். வேதாகம எழுத்துகளை எண்களாக மாற்றிக் கூட்டி, 1533 அக்டோபரில் உலகம் அழியும் என்று நாள் குறித்தார். சபை மக்கள் காத்திருந்தார்கள். உலகம் அப்படியே இருந்தது. ஸ்டீஃபல் சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் முறையான கணிதத்தில் இறங்கி, 1544இல் நியூரம்பர்கில் அச்சான நூலில் மேல் வரிசையில் −3, −2, −1, 0, 1, 2, 3 என்றும், கீழ் வரிசையில் 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8 என்றும் எழுதினார். அல்-சமவ்வலின் அதே அட்டவணை! இன்று உலகம் வழங்கும் 'எக்ஸ்போனென்ட்' என்ற பெயரையும் அவரே இட்டார்.

அதற்குப் பிறகு வேகம் கூடியது. 1585இல் பிளாண்டர்ஸ் நாட்டின் சைமன் ஸ்டெவின், வணிகர்களுக்கும் நில அளவையாளர்களுக்கும் துணி அளப்பவர்களுக்கும் தசமப் பின்னம் கற்பிக்கச் சிறுநூல் ஒன்று எழுதினார். பத்தில் ஒன்றுக்கு வட்டமிட்ட 1, நூறில் ஒன்றுக்கு வட்டமிட்ட 2: பத்தின் குறை அடுக்குகள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. 1636இல் பாரிஸில் ஜேம்ஸ் ஹியூம் அடுக்கை ரோமன் எண்ணாக மேலே தூக்கி எழுதினார். மறு ஆண்டே டெகார்ட் அதைச் சாதாரண எண்ணாக்கினார். நாம் எழுதும் உருவம் அதுதான். ஆனாலும் வர்க்கத்துக்கு அவர் பெரும்பாலும் எழுத்தை இரண்டு முறைதான் எழுதினார். குறை அடுக்கை மேலே ஏற்றவும் இல்லை. ஜான் வாலிஸ் 1656இல் அதற்குப் பொருள் சொன்னார். 1676 ஜூனில் லைப்னிட்சுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு கடிதத்தில் ஐசக் நியூட்டன் தயக்கமில்லாமல் அதை எழுதினார்.

வகுப்பறைக்கு ஏற்ற விளக்கத்தைத் தந்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். கண்பார்வை மங்கிய முதுமையில், தையற்கடையில் தொழில் பழகிய ஓர் இளைஞரை உட்கார வைத்து இயற்கணித நூலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். எழுதி எழுதியே அந்த இளைஞர் கணிதம் கற்றுக்கொண்டார் என்று நூலின் முன்னுரை சொல்கிறது. 1770இல் ஜெர்மனில் வந்த அந்த நூலின் வழி எளிது: அடுக்கு ஒன்று குறையும்போதெல்லாம் அடிமானத்தால் ஒரு முறை வகுபடுகிறது. 8, 4, 2 என்று இறங்கினால் அடுத்தது 1; ஆகவே 2⁰ = 1. நிற்காமல் இன்னும் இறங்கினால் 1/2, 1/4, 1/8.

அடிமானம் பின்னமாக இருந்தாலும் இதே நடைதான். (2/3)², (2/3)¹, (2/3)⁰ என்று வந்தால் 4/9, 2/3, 1. ஒவ்வொரு முறையும் 2/3ஆல் வகுக்கிறோம், அதாவது 3/2ஆல் பெருக்குகிறோம். அடுத்த இரண்டு இடங்களில் 3/2, 9/4 தாமாகவே வந்து நிற்கின்றன. பின்னம் தலைகீழாவதை மாணவர் கண்ணால் பார்த்துவிடுகிறார். விதியை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு, காரணத்தைப் பிறகு சொல்லலாம் என்று விடுவது எனக்கு ஒப்பவில்லை. இந்த வரிசையை முதலில் போடவைத்த பிள்ளை −6 என்று சொல்வது அரிது. சொன்னாலும் தானே திருத்திக்கொள்ளும்.

இருபதாம் நூற்றாண்டில் அடுக்குக்குறி மேலிருந்து இறங்கவேண்டி வந்தது. கணினிக்கு நிரல் எழுதிய துளையிட்ட அட்டைகளில் எண்ணை உயர்த்தி எழுத வழியில்லை. 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழி அடுக்குக்கு  ** என்ற இரட்டை உடுக்குறியையும், பத்தின் அடுக்குக்கு 'ஈ' என்ற ஆங்கில எழுத்தையும் வைத்துக்கொண்டது. கால்குலேட்டரில் சிறு விடைகளின் கடைசியில் இன்றும் எட்டிப் பார்ப்பது அந்த எழுத்துதான்.

2022 நவம்பரில் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு பன்னாட்டு அலகுகளுக்கு நான்கு புதிய முன்னொட்டுகளை ஏற்றது. ஒரு பக்கம் ரொன்னா, குவெட்டா: 10²⁷, 10³⁰. மறுபக்கம் ரொன்டோ, குவெக்டோ: 10⁻²⁷, 10⁻³⁰. பூமியின் நிறை ஏறத்தாழ ஆறு ரொன்னாகிராம். ஓர் எலக்ட்ரானின் நிறை ஒரு ரொன்டோகிராமுக்குச் சற்றே குறைவு.