புழல் ஏரிக்குள் ஒரு கோபுரம்

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்று ஒரு பழைய ஊர். அங்கே 1416-லேயே தண்ணீர்க் கோபுரம் கட்டிவிட்டார்கள். தண்ணீர்ச் சக்கரத்தால் நீரை மேலே ஏற்றி, அங்கிருந்து குழாயில் ஊருக்குள் இறக்கினார்கள். 2019-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒன்று இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? செங்குன்றத்தில், புழல் ஏரியில் நிற்கும் ஜோன்ஸ் டவர். கட்டிய வருஷம் 1881. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஆனால் இறங்கி, கரையில் நின்று பார்த்தது போன மாதம்தான்.

ஆக்ஸ்பர்க் கோபுரத்துக்கும் இதற்கும் வேலை வேறு. அது நீரை மேலே ஏற்ற. இது ஏரியிலிருந்து நீரைத் திறந்துவிட. அதாவது வால்வு இருக்கும் கட்டடம். எங்கள் வணிகவியல் பாடப்படி தேய்மானம் போட்டால் இதன் மதிப்பு எப்போதோ பூஜ்யம் ஆகியிருக்கும்!

இதன் கதை கொஞ்சம் முன்னாலேயே தொடங்குகிறது. மெட்ராஸ் மக்கள் கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்த காலம். கோட்டைக்கு மட்டும் 1772-ல் கேப்டன் பேக்கர் திட்டத்தில் ஏழு கிணறு தண்ணீர். பிறகு ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் போட்டார். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே அணைக்கட்டு, அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரி, அடுத்து புழல் ஏரி. 1872-ல் நகரத்துக்கு விநியோகம் தொடங்கியது. புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை நீர் தானாகவே ஓடியது, பம்பு எல்லாம் கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓடியது திறந்த மண் கால்வாயில். வடிகட்டல் இல்லை. வழியில் ஆடு மாடு குடித்தது, மழையில் அடித்து வந்தது எல்லாம் சேர்ந்த தண்ணீரைத்தான் நாற்பது வருஷம் பட்டணம் குடித்தது. ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் வந்த பிறகுதான் மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், நீராவி பம்பு, மேல்நிலைத் தொட்டி எல்லாம் வந்தன. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914 டிசம்பரில் திறக்கப்பட்டது. என்னைக் கேட்டால் ஜோன்ஸைவிட மேட்லிக்குத்தான் பெரிய கோபுரம் கட்டியிருக்க வேண்டும்.

அடுத்து பூண்டி. மெட்ராஸ் மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயற்சியில் 1940-ல் வேலை தொடங்கி 1944-ல் முடிந்தது. அவர் 1943-லேயே காலமாகிவிட்டார், பாவம். 2020-ல் எங்கள் பக்கமே கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம், 500 மில்லியன் கன அடி.

ஆக, தாமரைப்பாக்கம், சோழவரம், புழல், பூண்டி, தேர்வாய் எல்லாம் நம்ம மாவட்டம். குடிப்பது சென்னை. சென்னைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், நீங்களும் மனிதர்கள்தானே! ஆனால் ஏரியோடு விஷயம் நிற்கவில்லை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு உறிஞ்சினார்கள். 2000-களின் தொடக்க வறட்சியில் விவசாயிகளின் கிணற்று நீரையே குடிநீர் வாரியம் விலைக்கு வாங்கியது. மாடு கட்டிப் போரடித்த குடும்பம் தண்ணீர் விற்றது. நிலத்தடி நீர் இறங்க இறங்க மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாயின.

2019 ஜூனில் புழல் கிட்டத்தட்ட வறண்டே போனது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கத்தில் இறங்கி அதே பழைய கீழ்ப்பாக்கம் நிலையத்துக்குத்தான் போனது. கோபுரத்துக்கு அப்போது வேலையே இல்லை.

இன்னொன்று. கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் பெரிய ஆலை சென்னைக்கு 2010-ல் வந்தது, தினம் 10 கோடி லிட்டர். பெயர் மீஞ்சூர் ஆலை, இருப்பது காட்டுப்பள்ளியில். அதுவும் நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான்.