உத்தரமேரூர்ச் சபையும் ஊர்க்கணக்கும்

உத்தரமேரூர்க் குடவோலை முறையைப் போற்றுவார் பலர். அச்சபை கணக்கைப் பேணிய திறத்தை ஆராய்வார் சிலரே. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இல் வகுத்த விதிகளை அச்சபையார் 921-இல் திருத்தினர். திருத்திய கல்வெட்டு, வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்கு உரியரல்லர் என விலக்குகின்றது. உறவினரையும் சேர்த்தமையாலேயே இவ்விதி வலிமை பெற்றது எனக் கருதுகிறோம். கணக்கை மறைத்தவன் தன் குடியின் உரிமையையும் இழந்தான் அன்றோ! வாரியத்தார் காட்டிய கணக்குகள் நமக்குக் கிடைத்தில. காட்டுக என்னும் விதியோ வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் உளது. ஆயினும் இதனை ஊரார் அனைவர்க்கும் உரிய ஆட்சி எனல் பொருந்தாது. இது பிரமதேயச் சபை. இறைநிலமும் சொந்த மனையும் மறைப்பயிற்சியும் உடைய, 35 முதல் 70 வரை அகவையினரே குடவோலைக்கு உரியர். அந்நிலத்தை உழுதார் அக்கணக்கைக் கேட்கும் உரிமை பற்றிக் கல்வெட்டு வாய்திறவாது.