எண்ணெய்க் கிணற்றிலிருந்து இரங்கூன் வரை

1941 மே மாதம் ஆர். எச். நாதன் கைதானபோது, அவரை விடுவிக்கக் கோரிக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததை நாம் அறிவோம். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பர்மாவில், பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனித் தொழிலாளருக்காகச் சிறை சென்றவர் யார் தெரியுமா? கல்லூரி மாணவர்கள்!

1938 நவம்பர் இறுதியில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் இரங்கூனை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டனர். வழியில் மாக்வே நகரில் போலீஸ் மறித்தது. அவர்களுக்குத் துணைநின்ற மாணவர் தலைவர்கள் பா ஹெயின், பா ஸ்வே இருவரும் கைதாயினர். உடனே இரங்கூன் மாணவர்கள் தலைமைச் செயலகத்தின் முன் திரண்டனர். தடியடியில் காயமுற்ற ஆங் ஜோ என்ற மாணவர் மாண்டார். எண்ணெய்க் கிணற்றை அவர் கண்ணால் கண்டாரோ, இல்லையோ! 1939 ஜனவரியில் அந்தத் தொழிலாளர் இரங்கூன் வந்து சேர்ந்தனர்.