எண்ணிக்கை சரி, முடிவு தவறு: உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி மருத்துவத்தின் வரலாறும் ஹைதராபாத்தும்

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் ஒருவருக்குக் காதுக்குக் கீழே, தாடை முனையில், வலியில்லாத ஓர் உருண்டை தட்டுப்பட்டால் இன்று போவதற்கு இடம் உண்டு. பக்கத்திலேயே லாலாகூடா ரயில்வே மருத்துவமனை, சற்றுத் தள்ளி முஷீராபாத்தில் காந்தி மருத்துவமனை, மூசி ஆற்றங்கரையில் உஸ்மானியா. எங்கே போனாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்ப்பார். கண்ணை இறுக மூடவும் பல்லைக் காட்டவும் சொல்லி முகநரம்பு ஒழுங்காக இயங்குகிறதா என்று கவனிப்பார். அல்ட்ராசவுண்ட், பிறகு மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் சோதனை, தேவையானால் எம்.ஆர்.ஐ., அதன்பின் அறுவை.

இந்த ஒழுங்கு புதுக் கருவிகளால் மட்டும் வந்ததல்ல. சரியான எண்ணிக்கைகளிலிருந்து எடுத்த தவறான முடிவுகளைப் பிறகு வந்தவர்கள் திருத்தியதால்தான் இது பெரும்பாலும் உருவானது என்பது இக்கட்டுரையின் வாதம். அத்தகைய தவறுகளில் ஒன்று நடந்தது ஹைதராபாத்தில்.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை காதடியிலுள்ள பரோட்டிட் சுரப்பியில் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சிக்கல் கட்டியில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. முகத்தின் ஒரு பாதியை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்து கிளை பிரிகிறது. பெரிய இரத்தக் குழாய்களும் அதன் வழியே போகின்றன. நரம்பைக் கிளை கிளையாகத் தேடிப் பிரிக்க நேரம் வேண்டும். 1846இல் ஈதரும் 1847இல் குளோரோபார்மும் வரும்வரை அந்த நேரம் எந்த அறுவை மருத்துவருக்கும் கிடைக்கவில்லை. வேகமே அவருடைய திறமையாக இருந்தது.

வெயிலில் ஈதர் சட்டென்று ஆவியாகிவிடும் என்பதால் இந்தியாவில் குளோரோபார்ம்தான் நிலைத்தது. ஆனால் 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற சிறுமி குளோரோபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். முதலில் நிற்பது இதயமா, மூச்சா? இந்தக் கேள்விக்கு விடை தேட ஹைதராபாத் முன்வந்தது. நிஜாமின் மருத்துவப் பள்ளிக்குத் தலைமை வகித்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் பயின்றவர். மூச்சைக் கவனித்தால் போதும் என்பது அவருக்குக் குருவழி வந்த நம்பிக்கை. 1888இல் ஒரு குழு அமைந்தது. அதன் முடிவை லண்டனின் லான்செட் இதழ் ஏற்காதபோது, ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் ஆயிரம் பவுண்டு கொடுத்து அந்த இதழின் ஆளையே வரவழைத்தார். 1889இல் இரண்டாவது குழு அமைந்தது; இதழின் சார்பில் லாடர் பிரண்டன் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளிடம் சோதனை நடந்தது. லாரியின் மாணவியும் உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராகப் போற்றப்படுபவருமான ரூபாபாய் ஃபர்தூன்ஜி அந்தக் காலத்தில் அங்கே பயின்றவர்தான்.

முதலில் மூச்சே நிற்கிறது, நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்று இரண்டாவது குழுவும் சொன்னது. பிரண்டன் வரும்போது வேறு கருத்தோடு வந்தவர், அவரும் மாறிப்போனார். சோதனைகளில் பொய் இல்லை. ஆழ்ந்த மயக்கத்தில் நடப்பது அதுதான். ஆனால் பல மரணங்கள் நிகழ்ந்தது மயக்கம் முழுதாக ஏறாத வேளையில். லேசான குளோரோபார்மோடு அட்ரினலின் சேரும்போது இதயம் துடிப்பின் ஒழுங்கு கலைந்து நின்றுவிடுகிறது என்று குட்மன் லெவி 1911இல் பூனைகளிடம் காட்டினார். அந்த வேளையை ஹைதராபாத் குழு தேடிப் பார்க்கவே இல்லை.

இதே தவறு, விலங்குகளுக்குப் பதில் நோயாளிகளை எண்ணி, பரோட்டிட் கட்டியிலும் நடந்தது. 1874இல் மின்சன் ‘கலப்புக் கட்டி’ என்று பெயரிட்ட, இன்று பிளியோமார்பிக் அடினோமா எனப்படும் கட்டி பார்வைக்கு ஓர் உறைக்குள் அடங்கியது போலிருக்கும். நரம்புக்கு அஞ்சிய மருத்துவர்கள் உறையைக் கீறி, பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோல் உள்ளிருப்பதை மட்டும் எடுத்தார்கள். காயம் ஆறியது, முகம் கோணவில்லை, நோயாளி மகிழ்ச்சியோடு வீடு போனார். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் ஒன்றுக்குப் பதில் பல முண்டுகளோடு திரும்பி வந்தார்.

பிலடெல்பியாவின் நோய்க்குறியியலர் ஜோசப் மக்ஃபார்லண்ட் 1936இல் 300 கட்டிகளைத் தொகுத்தார். அவற்றில் 69 மீண்டும் வந்திருந்தன. சிறிய கட்டிகளே அதிகம் திரும்புகின்றன என்பதும் அவர் கண்டது. ஆகவே கட்டி வளரும்வரை அறுவையைத் தள்ளிப்போடலாம் என்று பரிந்துரைத்தார். எண்ணிக்கை சரி. ஆனால் கட்டியின் அளவைக் கேட்டவர், அதை எப்படி எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. காத்திருப்பதற்கும் விலை உண்டு: இந்தக் கட்டியில் சிறு பங்கு, ஆண்டுகள் கூடக்கூட, புற்றுநோயாக மாறுகிறது.

நரம்பை முதலில் கண்டுபிடித்து, அதைக் காத்துக்கொண்டே சுரப்பியின் ஒரு பகுதியோடு கட்டியை எடுக்கும் முறை 1940களில் வலுப்பெற்றது. டொராண்டோவில் ஜேன்ஸும் லண்டனில் ஹாமில்டன் பெய்லியும் அதை எழுத்தில் வைத்தார்கள். என் பார்வையில் தீர்ப்பு வந்தது 1958இல்தான். பேட்டியும் தாக்கரேயும் அறுவையில் வந்த சுரப்பிகளை மெல்லிய சீவல்களாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உறை சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தது. கட்டியின் சிறு மொட்டுகள் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிதுக்கி எடுத்தபோது மிஞ்சியவை இவைதான். பிதுக்கும் முறையில் ஐந்தில் ஒன்றுக்கும் மேலாக இருந்த மறுவரவு, சுரப்பியோடு எடுத்தபோது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது.

பரோட்டிட்டில் வரும் வேறொரு வகையான வார்தின் கட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1929இல் ஆல்ட்ரெட் வார்தின் விவரித்த இது புகைப்பவர்களிடம் அதிகம், சில வேளை இரு பக்கமும் வரும். புற்றாவது மிக அரிது என்பதால் முதியவர்களிடம் அறுக்காமல் கவனித்தே வரலாம்.

அறுவைக்கு முன் கட்டியின் வகையை அறியும் ஊசிச் சோதனைக்கு வரவேற்பு எளிதில் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் 1930இலேயே ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள். ஊசி போன வழியெல்லாம் செல்கள் சிந்திக் கட்டி பரவும் என்ற அச்சம் பலரைத் தடுத்தது. கத்தியால் திறந்து துண்டு எடுத்தவர்களின் நோயாளிகளுக்கு அப்படி நேர்ந்ததும் உண்டு. 1960களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் எனரோத்தும் ஜாஜிசெக்கும் மெல்லிய ஊசியை நூற்றுக்கணக்கான கட்டிகளில் பயன்படுத்தினார்கள். அங்கே நோயாளிகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தும் அச்சம் மெய்ப்படவில்லை. ஒரு சிரிஞ்சு, கண்ணாடித் தகடு, சாயம் போதும் என்பதால் நம் அரசு மருத்துவமனைகளுக்கு இது கையில் கிடைத்த வரமாயிற்று. 2018இல் வந்த மிலன் முறை, ஊசி முடிவுகளை ஆறு வகைகளில் எழுத வைத்தது. இருந்தும் புற்றல்லாத அடித்தளச் செல் அடினோமாவையும் அடினாய்டு சிஸ்டிக் புற்றையும் ஊசியில் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் சிரமம்.

இப்போது சக்கரம் சற்றுத் திரும்புகிறது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை அனுபவத்தை வைத்து மக்கர்க்கும் கூட்டாளிகளும் 1996இல் எழுதியது இது: கையில் நன்கு அசையும் சிறு கட்டியை, உறையைக் கீறாமல், அதன் வெளிப்புறமாகச் சில மில்லிமீட்டர் திசுவோடு பிரித்தெடுத்தால் மறுவரவு கூடவில்லை; நரம்புப் பாதிப்பும் குறைகிறது. சாப்பிடும்போது கன்னம் வியர்ப்பதும் குறைகிறது. அந்த வியர்வையை 1923இல் விவரித்தவர் போலந்து மருத்துவர் லூட்சியா ஃபிரே. அவர் பெயரால் வழங்கும் நோய் இன்றும் பாடநூலில் இருக்கிறது. அவர் நாஜிகளின் ஆட்சியில் ல்வோவ் கெட்டோவில் மாண்டார்.

தேர்ந்த கைகளுக்கு இந்த முறை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதை எங்கும் பரப்புமுன் மக்ஃபார்லண்டை நினைப்பது நல்லது. கட்டி பெரும்பாலும் உடனே திரும்புவதில்லை. அறுவைக்குப் பிறகு ஏழெட்டு ஆண்டுகள், சில வேளை இருபது ஆண்டுகள் கழித்தும் வருகிறது. ஐந்து ஆண்டு நல்ல முடிவு காட்டும் ஆய்வு இங்கே பாதிக் கதைதான். மீண்டும் வரும்போது நரம்பு தழும்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் அறுவையில் முகம் கோணும் ஆபத்து முதல் அறுவையைவிடப் பல மடங்கு. எனவே மல்காஜ்கிரியிலிருந்து பணிமாற்றத்தில் வேறு கோட்டத்துக்குப் போகும் ரயில்வே ஊழியர், கட்டி உறையோடு முழுதாக வந்ததா, எந்த நரம்புக் கிளை எங்கே ஓடியது என்று எழுதிய அறுவைக் குறிப்பையும் நோய்க்குறியியல் அறிக்கையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்து அவரைப் பார்க்கும் மருத்துவர் கத்தியை எந்தப் பக்கமிருந்து வைப்பது என்று முடிவு செய்வது அவற்றைப் பார்த்துத்தான்.