தெல்லிப்பழையும் இருமொழிக் கல்வியும்

ஈழநாட்டு ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் கலாசாலைகளின் பெருமையையே விரித்துரைப்பர். கற்றோர் உற்ற இடர்ப்பாட்டைக் கூறுவார் சிலரே. அவ்விடர்ப்பாடு ஒருபாற்பட்டதன்று என்பதற்குத் தெல்லிப்பழை சான்றாகும்.

1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த தானியேல் பூர் பாதிரியார் தெல்லிப்பழையில் தங்கிப் பாடசாலையொன்றை நிறுவினார். யூனியன் கல்லூரி அதன் வழிவந்ததேயாம். கற்பிக்க வந்த அவர் முதற்கண் தமிழ் கற்கும் மாணாக்கராயினார். லகர ளகர ழகர வேறுபாடு அயலார் நாவுக்கு எளிதில் வசப்படுவதன்று. ஏட்டில் உள்ள தமிழ் ஒன்று, வீதியிற் கேட்கும் தமிழ் வேறொன்று. ஒரு மொழியைக் கற்க வந்தார்க்கு இரண்டைக் கற்கும் சுமை நேர்ந்தது.

ஆங்கிலம் பயின்ற சிறுவர்க்கோ வேறு தொல்லைகள் இருந்தன. தமிழில் பகரமாகிய ஓரெழுத்தே இடத்திற்கேற்ப ஓசை வேறுபடும். ஆங்கிலத்தில் அவ்வோசைகள் வெவ்வேறெழுத்துக்களாம். ஒன்றை மற்றொன்றாக ஒலிப்பின் பொருளே மாறிவிடும். பயனிலையை வாக்கியத்தின் ஈற்றில் வைத்துப் பழகியோர் அதனைச் செயப்படுபொருளுக்கு முன் வைக்கப் பழகல் வேண்டும். எழுத்துக்கூட்டலோ உச்சரிப்போடு பலவிடத்தும் ஒவ்வாது.

1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. பூரே அதன் முதல் அதிபர். கணிதமும் வானநூலும் ஆங்கிலத்தில் பயிற்றப்பட்டன, தமிழும் கைவிடப்பட்டிலது. 1841 இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இரு மொழியிலும் வெளிவந்தமை அக்கல்வியின் விளைவேயாம்.

ஆயினும் ஆங்கிலம் கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். சமயப் பணிக்கு அக்கல்வி போதிய பயன் தரவில்லையெனக் கருதிய மிஷன் தலைமை 1855 இல் செமினரியை மூடியது. மானிப்பாயில் வைத்தியம் பயிற்றிய கிறீன் வைத்தியரும் முதலில் ஆங்கிலத்திற் கற்பித்துப் பின்னர்த் தமிழுக்கு மாறினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்குவித்தார். ஊரவர்க்குத் தொண்டு செய்யும் வைத்தியரே அவர் வேண்டியவர்.

எனினும் ஆங்கிலம் கற்றோர் யாவரும் தமிழை மறந்தாரல்லர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அவரே பின்னர்ச் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். 1910 இல் தெல்லிப்பழையில் மகாஜனக் கல்லூரியை நிறுவிய பாவலர் துரையப்பாபிள்ளையும் ஆங்கிலம் கற்ற தமிழ்ப் புலவரே.

பிறமொழி ஊரைவிட்டு வெளியேறும் வாயிலாகலாம். தன் மொழியின் செல்வத்தை மீட்கும் கருவியுமாகலாம். எதுவாகும் என்பது மொழியைப் பொறுத்ததன்று. கற்பார் கருத்தைப் பொறுத்ததாம்.