இலைக்குத் தூரிகை பிடித்த கேப்டன்

நமக்கு ஊர் வீரசோழன். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமி. வகுப்பில் போட்டோ கிறுக்கு பிடித்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. வெளிநாட்டு இலையுதிர்காலப் படங்கள் என்றால் அவர்களுக்கு உயிர். பாறை இடுக்கில் பஞ்சு மாதிரி வழியும் ஓடை, பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஒரு சிவப்பு இலை... அந்த வகை. "எல்லாம் கம்ப்யூட்டர் வேலைடா. அந்தக் காலத்துல உள்ளது உள்ளபடி எடுத்தாங்க" என்று ஒருத்தன் சொல்ல, கேன்டீனில் பெரிய சண்டை!

அந்தக் காலம் என்றால் எந்தக் காலம்? மதுரையையே எடுத்துக்கொள்வோம். 1856-ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1858-ல் மதுரைக்கு வந்து கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், வைகையும் அதன் தரைப்பாலமும் என்று எடுத்துத் தள்ளினார். மெழுகு தடவிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். கோபுரம் ஆடாமல் நிற்கும். காற்றில் மரம் நிற்குமா? இலை கலங்கிப் போகும், ஓடும் தண்ணீர் வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும். இன்னொரு தொல்லை, அன்றைய ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். அதனால் வானம் வெறுமையாக வெளுக்கும், பச்சை இலை கறுத்துக் கட்டியாக விழும்.

ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து நெகட்டிவிலேயே வண்ணம் தொட்டு மேகம் போட்டார், மரத்துக்கு இலை போட்டார். நெகட்டிவில் எங்கே மை படுகிறதோ, அச்சில் அங்கே வெளிச்சம். ஆக, 150 வருஷத்துக்கு முந்தியே எடிட்டிங் வந்துவிட்டது, நண்பர்களே! (1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், செலவைக் குறைக்கிறேன் என்று அந்தப் பிரிவையே மூடவைத்தார். வணிகவியல் படிப்பவனுக்கு இந்தக் கதை புதிதல்ல.)

அந்த இலை-ஓடை பாணியைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் எலியட் போர்ட்டர். டாக்டருக்குப் படித்தவர். மலை, பள்ளத்தாக்கு என்று பெரிசாக எடுக்காமல், காலடியில் கிடப்பதை நெருங்கி எடுத்தார். 1962-ல் வந்த அவர் புத்தகம் பெரும் பேர் வாங்கியது. 1979-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய கலர் படங்களுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. அவரும் சும்மா அச்சடிக்கவில்லை. ஒரே படத்தை மூன்று அச்சுத் தகடாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாயம் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். எந்த நிறம் வேண்டுமோ அதைக் கூட்டலாம், குறைக்கலாம். ட்ரைப்புக்குக் குறையாக இருந்த அந்தக் கலங்கல் தண்ணீர்தான் பின்னால் அழகாகிப் போனது. இன்றைக்கு அதற்காகவே காசு கொடுத்துக் கறுப்புக் கண்ணாடி வாங்கி லென்ஸில் மாட்டுகிறார்கள்!

தணிக்கைப் பாடத்தில் ஒரு வார்த்தை வரும்: கணக்கு 'உண்மையாகவும் நியாயமாகவும்' இருக்க வேண்டும் என்று. ட்ரைப் இலை போட்டது அங்கே மரம் இருந்ததால். என் கணக்கில் அது பாஸ். வேப்பிலையைச் சிவப்பாக்கி 'எங்க ஊர் இலையுதிர்காலம்' என்று ஒட்டுகிறார்களே, அது பாஸ் ஆகாது.

ஏனென்றால் நம்ம பக்கம் வேம்பு மஞ்சளாகி உதிர்வது மாசி, பங்குனியில். அப்போது குண்டாற்றில் மணல்தான் இருக்கும். தண்ணீர் வருவதோ, மழை ஒழுங்காகப் பெய்தால், ஐப்பசி கார்த்திகையில். அப்போது மரமெல்லாம் பச்சை. உதிரும் இலையும் ஓடும் நீரும் இங்கே ஒன்றாகச் சந்திப்பதே அபூர்வம். பழந்தமிழர் வகுத்த ஆறு பருவத்திலும் இலை உதிர்வதற்கென்று ஒன்று கிடையாது. ஐப்பசி கார்த்திகைக்கு அவர்கள் வைத்த பேர் கூதிர். கூதிரில் கண்மாய்க்குள் இறங்கினால் செந்தண்ணியும், அதற்குள் முக்கால் முங்கி நிற்கும் கருவேல மரங்களும் கிடைக்கும். அதற்கு எந்த நிறத்தையும் கூட்ட வேண்டியதில்லை; செம்மண் கலரைக் குறைக்காமல் விட்டால் போதும்.